முதனூல் எது? - சூப்பர்மேன் திரைக்கதையின் மறுதொடக்கம் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு கதையைப் பலர் பல காலத்துப் பலவாறு சொல்லுதல் எல்லா மொழியிலும் உள்ள வழக்கமே. ஆயின், சொல்லிவருங் கதையை இடையில் நிறுத்தி, ‘இதுகாறும் நிகழ்ந்தவற்றை நிகழாதனவாகக் கொள்க, இனி முதலிலிருந்து தொடங்குவோம்’ என்று கூறுதல் அதனின் வேறானது. அமெரிக்கத் திரையுலகில் இதனை ‘ரீபூட்’ என்பர். நாம் மறுதொடக்கம் என வழங்குவோம். வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தார் தம் டி.சி. வீரர்களின் திரைக்கதைகளை இவ்வாறு மறுதொடக்கம் செய்யத் துணிந்தபோது, சுவைஞர் இரு கட்சியாகப் பிரிந்து பூசலிட்டனர். புதிய படம் 2025-இல் வந்த பின்னும் அப்பூசல் ஓயவில்லை. இஃது இளைஞர்தம் பொழுதுபோக்கு என இகழ்ந்து ஒதுக்கத்தக்கதன்று. முதனூல் எது, முடிவு யாது, தூய பாடம் எது என நாம் ஏடுகளை நோக்கி எழுப்பும் வினாக்களே அப்பூசலில் வேறோர் உருவில் எழுகின்றன.

முதற்கண் நிகழ்ச்சிகளை முறைப்பட அறிதல் வேண்டும். ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இருவர் படைத்த சூப்பர்மேன் 1938-இல் ஒரு படக்கதை இதழில் தோன்றினான். 2013-இல் சாக் ஸ்னைடர் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ என்னும் படத்தை இயக்கினார். ஹென்றி காவில் நடித்த அப்படமே, பல வீரர்தம் கதைகள் ஒன்றோடொன்று பிணைந்த ஒரு கதையுலகிற்குத் தோற்றுவாயாயிற்று. 2023-இல் வந்த இரண்டாம் ‘அக்வாமேன்’ ஈறாகப் பதினைந்து படங்களை அவ்வுலகில் அடக்கி எண்ணுவர். ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் பணி நடைபெறுங்கால், 2017-இல், ஸ்னைடர் தம் மகளை இழந்த துயரால் விலகினார். ஜாஸ் வீடன் பல காட்சிகளைப் புதிதாக எடுத்து, அதனை இரண்டு மணி நேரப் படமாக முடித்தார். ஸ்னைடர் கருதிய வடிவையே வெளியிடுக எனச் சுவைஞர் ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி செய்தனர். நான்கு மணி நேர வடிவம் 2021 மார்ச்சில் வெளிவந்தது. 2022 அக்டோபரில் ‘பிளாக் ஆடம்’ படத்தின் இறுதியில் தோன்றிய காவில், தாம் மீண்டும் வருவதாக அறிவித்தார். நவம்பரில் ஜேம்ஸ் கன், பீட்டர் சஃப்ரான் ஆகிய இருவரும் டி.சி. ஸ்டூடியோஸின் தலைமை ஏற்றனர். திசம்பரில் காவில் தாம் வரப்போவதில்லை எனத் தெரிவிக்க நேர்ந்தது. கன் எழுதி இயக்கிய ‘சூப்பர்மேன்’, டேவிட் கோரன்ஸ்வெட் நடிப்பில், 2025 சூலையில் வெளியாயிற்று.

இனி, இரு கட்சியார் கூற்றையும் நோக்குவோம். ஸ்னைடரின் சூப்பர்மேன் துயரும் ஐயமும் சூழ்ந்தவன். 2013 படத்தின் முடிவில் சாட் என்னும் பகைவனைக் கழுத்தை முறித்துக் கொல்கிறான். படக்கதைகள் நெடுங்காலம் வளர்த்த அருட்பண்பிற்கு இது பொருந்தாது என்பர் மறுதொடக்கம் வேண்டுவோர். கன் படைத்த சூப்பர்மேனோ, பெரும்பூதம் ஒன்று நகரை மிதிக்கும் வேளையிலும் ஓர் அணிலைக் காக்கப் பாய்கிறான். இவனே உண்மைச் சூப்பர்மேன் என்பது அவர் துணிபு. தொடர்ச்சி வேண்டுவோர், ஸ்னைடர் தொடங்கிய பெருங்கதை முற்றுப்பெறவில்லை என்பர். 2021 வடிவின் இறுதியில் வருங்காலப் பேரழிவினைக் காட்டும் கனவுக்காட்சி ஒன்று உளது. அதன் பொருளை விளக்குதற்குரிய படங்கள் எடுக்கப்படவேயில்லை. ஆகவே, தொடங்கியதை முடித்தபின் வேறு தொடங்குக என்பது அவர் வாதம்.

இவ்விரு கூற்றும் ஒன்றற்கொன்று விடையாகாமை கருதத்தக்கது. ஒருவர் பண்பைப் பற்றிப் பேசுகின்றனர். மற்றவர் முடிவைப் பற்றிப் பேசுகின்றனர். இவ்வேறுபாட்டின் வேரைக் காண நன்னூலார் வகுத்த நூல்வகை நமக்குத் துணைசெய்யும். முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்து, வேண்டும் வேறுபாடுகளைக் கூறுவது வழிநூல். ஒருபுடை ஒத்து, ஏனையவற்றில் வேறுபடுவது சார்புநூல். 1938 முதல் வந்த படக்கதை மரபினை முதனூலாகக் கொண்டால் கன்னின் படம் வழிநூலாகும். 2013-ஆம் ஆண்டுப் படத்தை முதனூலாகக் கொண்டால் அதுவே ஒருபுடை ஒத்த சார்புநூலாய் நின்றுவிடும். எனவே, முதனூல் எது என்பதே வழக்கின் உயிர்நிலை. அதனை ஆராயாது படங்களின் நிறைகுறைகளை அடுக்குதலால் பயனில்லை.

மறுதொடக்கம் நினைவை அடியோடு நீக்கிவிடும் என்னும் எண்ணமும் பொருந்தாது. கன்னின் படம் ‘முதலிலிருந்து’ தொடங்குவதாகக் கூறப்படினும், கிரிப்டான் அழிந்ததையும் குழந்தை மண்ணுலகிற்கு வந்ததையும் விரித்துக் காட்டவில்லை. சூப்பர்மேன் உலகறிய வெளிப்பட்டு மூன்றாண்டு கழிந்த நிலையிலேயே அது தொடங்குகிறது. முன்னைய கதைகளை அறிந்தோர் காண்பர் என்னும் துணிவாலன்றோ இது கூடிற்று? ஆகவே, பழையதை மறந்துவிடுக எனச் சொல்லும் படமும் பழையதன் நினைவின்மேலேயே நிற்கிறது. நினைவை அடித்தளமாகக் கொள்பவர், அந்நினைவையுடைய சுவைஞரிடத்து ஒரு கடப்பாடும் உடையராவர்.

அக்கடப்பாடு யாது என்பதைப் படக்கதையின் வரலாறே காட்டுகிறது. பல்கிப் பெருகிய புவிகளும் வரலாறுகளும் ஒன்றோடொன்று முரண்பட்டமையால், டி.சி. நிறுவனத்தார் 1985-86-இல் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்னும் பன்னிரண்டு இதழ்த் தொடரை வெளியிட்டு, அப்புவிகளை ஒன்றாக்கினர். 1986-இல் ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையைப் புதிதாகத் தொடங்கினார். அதற்கு முன், பழைய சூப்பர்மேனுக்கு ஓர் இறுதிக்கதை தரப்பட்டது. ஆலன் மூர் எழுத, அவ்வீரனைப் பல்லாண்டுகள் வரைந்த கர்ட் ஸ்வான் வரைந்த அவ்விருபகுதிக் கதை, பழைய பகைவரையும் நண்பரையும் ஒருங்கு கொணர்ந்து, அவ்வுலகினை முடித்துவைத்தது. அதன்பின் தொடங்கிய புதுக்கதை முன்னதைப் பொய்யாக்கவில்லை. முன்னது நிறைவுற்ற நூலாக நின்றது.

திரையுலகில் இக்கடன் ஆற்றப்படவில்லை. உலகங்கள் மோதுவதைக் கருவாகக் கொண்ட ‘தி ஃபிளாஷ்’ 2023-இல் வந்தது. அது விடைபெறும் படமாகியிருக்கலாம். ஆனால், 1997-இல் பேட்மேனாக நடித்த ஜார்ஜ் குளூனியை இறுதியில் ஒரு நகைச்சுவையாகக் காட்டி முடிந்தது. ‘பீஸ்மேக்கர்’ தொடரில் நேர்ந்தது இன்னும் நோக்கத்தக்கது. 2022-இல் வந்த அதன் முதற் பருவத்தின் இறுதியில் ஜஸ்டிஸ் லீக் வீரர் தோன்றினர். 2025-இல் இரண்டாம் பருவம் தொடங்குமுன் காட்டப்பட்ட முன்கதைச் சுருக்கத்திலோ, அவர்க்கு மாற்றாகப் புதிய உலகின் ஜஸ்டிஸ் கேங் வீரர் வைக்கப்பட்டனர். வழிநூல் செய்பவன் முதனூலின் வேறுபட எழுதலாம். அஃது அவன் உரிமை. முதனூலில் இருந்ததே இதுதான் என்று பாடத்தைத் திருத்திக் காட்டுதல் வேறு. ஏடு பார்த்துப் பதிப்பிப்போர் தாம் கண்ட பாடவேறுபாட்டை மறையாது காட்டவேண்டும் என நாம் வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே.

எனினும், தொடர்ச்சி வேண்டுவோர் கூற்று முழுதும் ஏற்புடைத்தன்று. 2021-இல் தம் கிளர்ச்சி வென்றமையால், கதையின் போக்கை வகுக்கும் உரிமையும் தமதே என்று அவருட் சிலர் கருதினர். முடிவைக் கேட்டல் வேறு. தாம் விரும்பும் முடிவையே கேட்டல் வேறு. இதற்குக் கன்னின் படத்திலேயே ஒரு விடை உளது. சூப்பர்மேன் தன்னைப் பெற்றோர் விடுத்த செய்தியின் முற்பகுதியை மட்டும் அறிந்து, மக்கட்குத் தொண்டு செய்யவே தான் அனுப்பப்பட்டதாக நம்பி வாழ்கிறான். சிதைந்திருந்த பிற்பகுதியைப் பகைவர் மீட்டு வெளியிட, அது மக்களை ஆளுமாறு ஏவுவதாக உளது. முற்றுப்பெற்ற பாடம் அவன் போற்றிய பொருளையே தலைகீழாக்குகிறது. ஆயினும், அரைச் செய்தியைக்கொண்டு அவன் ஆக்கிக்கொண்ட வாழ்வு பொய்யாகவில்லை. முடிவுறாத ஸ்னைடரின் கதையினின்று சுவைஞர் பெற்ற பயனும் அத்தகையதே. அதனைப் புதிய படம் பறித்தல் இயலாது.

ஆகவே, மறுதொடக்கம் தன்னளவில் குற்றமன்று. மரபு வாழும் வழிகளுள் அதுவும் ஒன்று. பழையதற்கு முடிவு தாராது விடுதலும், பழையதன் பாடத்தை மாற்றிக் காட்டுதலுமே குற்றம். 1986-இல் படக்கதையாளர் இரண்டு இதழ்களில் செய்த கடனைப் பெரும்பொருள் செலவிடும் திரையுலகம் செய்யத் தவறிற்று. இவ்வகைத் தொடர்களை ஆராயப் புகும் மாணவர், எப்படம் சிறந்தது என்று கேட்பதோடு அமையாது, எதனை முதனூலாகக் கொண்டது, முன்னதை எவ்வாறு முடித்தது என்னும் இரண்டினையும் வினவுவாராக.