தாலாட்டில் அழுவது யார்?

தாலாட்டு என்றதும் நம் இலக்கிய ரசிகர்களுக்குக் கண்கள் பாதி சொருகிவிடுகின்றன. தாய்மையின் கனிவு, அன்பின் ஊற்று என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். பாடப் புத்தகக்காரர்கள் அதைக் குழந்தை இலக்கியத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு வெகுநாளாகச் சந்தேகம் உண்டு.

ஒரு தொகுப்பை எடுத்துக் கொள்ளுங்கள், 1964-ல் நா. வானமாமலை வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளாகவே இருக்கட்டும். நம் தாலாட்டுகளில் ஒரு விசாரணை திரும்பத் திரும்ப வரும். உன்னை அடித்தது யார், பாட்டியா, அத்தையா, மாமன் பெண்டாட்டியா என்று தாய் கேட்டுக்கொண்டே போவாள். குழந்தையை ஒருவரும் அடிக்கவில்லை என்பது அவளுக்கே தெரியும். பின், யார் மேல் பட்ட அடி அது? பிறந்த வீட்டுச் சீரையும் அண்ணன் தம்பிகளின் பெருமையையும் புகுந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் பாடுகிறாளே, குழந்தைக்காகவா? குழந்தை ஒரு சாக்கு என்பது என் அபிப்பிராயம்.

பெரிய இலக்கியம் இந்தத் துயரத்துக்கு இடம் கொடுத்ததுண்டு, ஒரு நிபந்தனையோடு. குலசேகராழ்வார் தேவகியைப் புலம்பவைத்தார். பெற்ற பிள்ளையைச் சீராட்டக் கொடுத்துவைக்காத தாய் அவள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழலாம். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுகிறவளுக்கு நம் காவியங்களில் இடம் இல்லை.

இப்படியெல்லாம் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாமர்த்தியமாக எழுதிவிட்டுப் போயிருப்பேன். மாகறலில் ஒரு கிழவி சொன்ன வார்த்தை அந்தச் சாமர்த்தியத்தைக் குலைத்துவிட்டது.

காஞ்சீபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய தலம். லிங்கம் உடும்பின் வால் போல இருக்கும். கோயிலைப் பார்த்துவிட்டுத் தெருவில் வரும்போது ஒரு திண்ணையில் தூளி தொங்கிற்று. பக்கத்தில் ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கத்துத் தாலாட்டு ஏதாவது கேட்கக் கிடைக்குமா என்று கிழவியிடம் விசாரித்தேன்.

"நல்லாப் பாடுவா சாமி, எம் மருமவ. மொத ரெண்டுக்கும் பாடினா. இதுவும் பொண்ணு. பொறந்து ரெண்டு மாசம் ஆவுது, வாயே தொறக்க மாட்டேங்கறா. ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடக்கறா. காத்து கருப்புன்னு மந்திரிச்சும் பாத்தாச்சு."

தாலாட்டுப் பாடியே நம் பாட்டிமார் மனச்சுமையை இறக்கிவைத்தார்கள் என்று சொல்கிற கட்சி ஒன்று உண்டு. நானும் அதில்தான் இருந்தேன். பாட முடிந்தவர்களின் பாட்டைத்தானே சேகரித்திருக்கிறோம்? பாட்டு நின்றுபோனவர்கள் எந்தத் தொகுப்பிலும் இல்லை.

வேலூரை அடுத்த கிராமங்களில் வைத்தியர்கள் செய்த ஓர் ஆராய்ச்சி 2002-ல் வெளிவந்தது. 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சந்தித்து, பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடியும் தேடிப் போனார்கள். புதிதாக மனச்சோர்வு நோய் கண்டிருந்தவர்கள் 100-க்கு 11 பேர். ஏழ்மை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கைவேலைக்கு ஆள் இல்லாதது என்று அவர்கள் கண்ட காரணங்களைப் படித்தபோது, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றிற்று. தாலாட்டின் விசாரணைப் பட்டியல்தான். ஒரு வித்தியாசம்: வைத்தியர்கள் தாயைக் கேட்டார்கள். இதற்கென்றே 1987-ல் எடின்பரோவில் பத்துக் கேள்விகள் வகுத்தார்கள். காரணமில்லாமல் பயம் வருகிறதா, வீணாக உன்னையே நொந்துகொள்கிறாயா, உனக்கு நீயே தீங்கு செய்துகொள்ளத் தோன்றிற்றா என்று அவை கேட்கின்றன. இந்தக் கலக்கம் கர்ப்பத்திலேயே தொடங்குவதும் உண்டு. பேசிக் குணப்படுத்துகிறார்கள், தேவையானால் பால் கொடுக்கிறவளுக்கு ஏற்ற மருந்தும் தருகிறார்கள்.

கிழவியிடம் இது உடம்புக்கு வருவதுபோல் மனசுக்கு வருகிற வியாதி, காஞ்சீபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள் என்றேன்.

"பைத்தியம்னு பேர் வெச்சிடுவாங்க சாமி. எம் புள்ளையே வெச்சிடுவான்" என்றாள். கொஞ்ச நேரம் தூளியை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, "பால் கட்டிக்கிச்சுன்னு சொல்லி இட்டுக்கினு போறேன்" என்றாள்.