ஏடெழுதியவர் கைவண்ணம்

ஒரு நூலகத்தைப் புகழவேண்டுமென்றால் அதன் கட்டடத்தையும் நூல் எண்ணிக்கையையும் சொல்வது வழக்கம். தமிழ்ச் சுவடிகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்த அளவுகோல் போதாது என்று தெரிகிறது. பனையோலை நம் வெக்கையிலும் மழைக்கால ஈரத்திலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. பூச்சி அரிக்கும், ஓரம் முறியும், தொட்டால் உதிரும். இன்று கிடைக்கும் தமிழ்ச் சுவடிகளில் பெரும்பாலானவை கடந்த மூன்று நான்கு நூற்றாண்டுகளுக்குள் எழுதப்பட்டவை. சங்கப் பாட்டுகளோ ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை உடையவை. புறநானூற்றை முதலில் தாங்கிய ஓலை எப்போதோ மண்ணாகிவிட்டது. அது மட்குமுன் ஒருவர் வேறோர் ஓலையில் பெயர்த்தெழுதினார். அந்த ஓலையும் தளருமுன் இன்னொருவர் எழுதினார். நூல்களைக் காத்தது பெட்டியோ அலமாரியோ அல்ல, இந்தக் கை மாறல்தான். ஆகவே நூலகம் என்ற ஏற்பாட்டில் முதல் மரியாதை ஏடெழுதியவருக்கே உரியது என்பேன்.

அந்தக் கைவேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கவேண்டும். அதிகம் முற்றாத ஓலையை எடுத்து, ஈர்க்கை நீக்கி, பதமாக அவித்து உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து, ஓரம் வாரித் துளையிடுவார்கள். இரண்டு விரற்கடை அகலம் தேறும் அந்த ஓலையை மேசைமேல் வைத்து எழுதுவதில்லை. இடக்கையில் பிடித்து, கட்டைவிரலை எழுத்தாணிக்கு அண்டைகொடுத்து, எழுத எழுத ஓலையை இடப்பக்கம் நகர்த்துவார்கள். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று கருவியிலும் வகை உண்டு. கீறி முடித்தபோது எழுத்து கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்த பிறகுதான் வரிகள் கருமையாக எழும்பும். அழுத்தம் கூடினால் ஓலை கிழியும், குறைந்தால் மை பிடிக்காது. திருத்தி எழுத இடமில்லை. ஒரு காப்பியம் முழுவதும் ஒரே அழுத்தத்தில், ஒரே இடைவெளியில், வரி சாயாமல் ஓடுவதைக் காணும்போது, கோயில் தூணில் உளி பிடித்தவனுக்குத் தரும் மரியாதையை இவருக்கு ஏன் தரவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

பார்த்து எழுதுவது இயந்திர வேலைதானே, அதில் கலை ஏது என்று ஒரு மறுப்பு வரலாம். ஓலையில் ஒற்றெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். குத்தினால் துளை விழும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பாட்டும் உரைநடைபோல ஒரே ஓட்டமாகப் போகும். இப்படிப்பட்ட ஏட்டைப் படித்தறிய யாப்பு தெரிந்திருக்கவேண்டும், மொழி காதில் ஏறியிருக்கவேண்டும். தளை தட்டினால் ஏதோ எழுத்து பிசகியிருக்கிறது என்று பொருள். எதுகை பொருந்தாவிட்டால் சொல் மாறியிருக்கிறது என்று பொருள். பாட்டின் இலக்கணமே பிழையைக் காட்டிக்கொடுக்கும் காவலாகவும் நின்றது. எண்ணிட்டுத் தொகுத்த முறையும் அப்படியே. புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் இல்லை என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவது அந்த எண்வரிசையால்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. ஒவ்வொரு பெயர்ப்பும் புதுப் பிழையைச் சேர்க்கும், ஆகவே படியெடுப்பு நூலைக் காப்பதைவிடக் கெடுப்பதே அதிகம் என்பது அது. பிழை சேர்ந்தது உண்மைதான். ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதினால் ணகரம் னகரமாகும், ழகரம் ளகரமாகும். ஆனால் ஒரே பிரதி மட்டும் இருந்தால் அதிலுள்ள பிழை பிழை என்றே தெரியாது. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகள் எழுதிய பிரதிகள் இருந்தால் ஒன்றன் சறுக்கலை இன்னொன்று காட்டிவிடும். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் பதிப்பித்தது, இப்படிச் சிதறிக்கிடந்த ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுத்தான். பாடபேதம் என்று நாம் அலுத்துக்கொள்வதே பதிப்பாசிரியரின் மூலதனம்.

எதைப் பெயர்க்கலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரமும் எழுத்தாணி பிடித்த சிலரிடமே இருந்தது என்ற குறையை மட்டும் மறுக்க இயலாது. கல்வி எட்டாத மக்களின் அறிவு பெரும்பாலும் ஓலையேறவில்லை. ஏறியவற்றிலும் படிப்பார் அற்றவை மறைந்தன. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நமக்கு இல்லை. புறத்திரட்டு போன்ற தொகுப்புகளும் பழைய உரைகளும் எடுத்தாண்ட பாட்டுகளே எஞ்சியிருக்கின்றன. சமணக் காப்பியமாகிய சிந்தாமணியோ, சைவரான நச்சினார்க்கினியரும் உரை எழுதும் அளவுக்குத் தொடர்ந்து படிக்கப்பட்டதால் தங்கியது. தீயோ படையெடுப்போ வராமலே ஒரு நூல் அழியலாம். ஒரு தலைமுறை பெயர்த்தெழுதாமல் விட்டால் போதும்.

படியெடுக்காமலே நிலைத்த நூலகம் இல்லையா? உண்டு. கி.மு. 7 ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் அசுர்பானிபால் நினிவேயில் திரட்டிய களிமண் பலகைகள், நகரம் கி.மு. 612இல் வீழ்ந்தபின் மண்ணுக்கடியில் கிடந்தன. சுமார் 30,000 பலகைகளும் துண்டுகளும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆனால் ஆப்பெழுத்தைப் படிப்போர் மரபு கி.பி. முதல் நூற்றாண்டுவாக்கில் அற்றுப்போனது. 19 ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் அதைப் புதிதாகக் கண்டறியும்வரை அவை யாருக்கும் எதையும் சொல்லவில்லை. பொருள் பிழைத்தது, அறிவு உறங்கியது. பிரதியின் அருமை நம் காலத்திலும் தெரிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் பிரதி இருந்தவற்றைத் திரும்பத் தேடிச் சேர்க்க வழி இருந்தது. ஒரே பிரதியாக இருந்த சுவடிக்கு அந்த வழியே இல்லை.

இப்போது பொத்தானைத் தட்டினால் ஆயிரம் பிரதி கிடைக்கிறதே என்பது கடைசி மறுப்பு. சுவடிகளைப் படம்பிடித்து வைப்பது மிக வேண்டிய வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கருவி ஓலையின் தோற்றத்தைப் பெயர்க்கிறதே தவிர அதைப் படிப்பதில்லை. ஏடெழுதியவரோ ஒவ்வோர் எழுத்தையும் படித்தே பெயர்த்தார். ஒரு பிரதி உண்டானபோது அந்த நூலை அறிந்த ஓர் ஆளும் உண்டானார். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துக்காக மன்னர் இரண்டாம் சரபோஜி பண்டிதர்களை அமர்த்திச் சுவடிகளைப் படியெடுக்கச் செய்தபோது நூலோடு புலமையும் வளர்ந்தது அப்படித்தான். படமாக்கிய சுவடிகளுக்கும் அந்த இரண்டாம் பயன் வேண்டுமானால், பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை ஒவ்வொரு தலைமுறையிலும் உருவாக்கவேண்டும். சுவடி நூலகங்களுக்குச் செலவிடும் பணத்தில் கட்டடத்துக்கு முன்பாக இந்தப் பயிற்சிக்குப் பங்கு ஒதுக்குவதே ஏடெழுதியவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு.