கத்தரி யார் கையில்?

1936-ல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று. பெருங்கூட்டம் மொத்தமும் கையை உயர்த்தி நாஜி வணக்கம் செய்ய, ஒரே ஒரு ஆசாமி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு 'மாட்டேன் போ' என்பதுபோல் நிற்கிறார். ஆகஸ்ட் லாண்ட்மெஸ்ஸர் என்ற தொழிலாளி என்கிறார்கள்.

உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே இதைத் தன் ட்விட்டர் பக்கத்தின் முகப்பில் வைத்திருந்தார். 2019 அக்டோபரில் 'வெறுப்புப் படம்' என்று சொல்லிக் கணக்கை முடக்கினார்கள். தூக்கிய கைகள் தெரிந்தன. கட்டிய கை தெரியவில்லை! கணக்கு திரும்பி வந்து, ஒரு பழைய கவிதைப் பதிவுக்காக மறுபடி போனது. அவர் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்.

கோபித்துக்கொண்ட நம்மவர்கள் பலர் நவம்பரில் மூட்டை கட்டிப் போய் இறங்கிய இடம் மாஸ்டொடான். ஜெர்மனியில் ஓய்கன் ரோச்கோ என்ற இளைஞர் 2016-ல் வெளியிட்ட இலவச மென்பொருள். இதை யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நிறுவித் தனிக்குடித்தனம் நடத்தலாம். பக்கத்து வீட்டோடு பேசவும் செய்யலாம். ஜிமெயில்காரர் யாஹூகாரருக்குக் கடிதம் போடுவதில்லையா, அப்படி.

ஆஹா, இனி தணிக்கையே இல்லை என்று குதிக்காதீர்கள். அதே ஆண்டு ஜூலையில் அதே மென்பொருளை எடுத்துக்கொண்டு வந்தது 'காப்' என்ற அமெரிக்கத் தளம். 2018-ல் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன் தன் வெறுப்பைக் கொட்டியது இங்கேதான். மென்பொருள் எல்லோருக்கும் பொது என்பதால், 'நீ தொடாதே' என்று ரோச்கோவாலேயே சொல்ல முடியாது. ஆனால் மற்ற சர்வர்காரர்கள் பலர் கதவைச் சாத்திவிட்டார்கள். டஸ்கி போன்ற செல்போன் செயலிகளும் 'காப்' பக்கம் போக மறுத்தன. பேசட்டும், அவர்கள் வீட்டுக்குள்!

ஆக, கத்தரி ஒழியவில்லை. பல கைகளுக்குப் பிரிந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். லாபம் என்னவென்றால், ஒருவர் தப்பாக வெட்டினால் நீங்கள் ஊரைவிட்டே போக வேண்டாம். அடுத்த தெருவுக்குப் போனால் போதும். நஷ்டமும் உண்டு. சர்வர் நடத்துபவர் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆசாமி. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஊரார் வசவுகளைப் படித்துத் தீர்ப்பு சொல்லணும். தமிழில் வரும் ஜாதி வசவு, பெர்லினில் இருப்பவருக்கு எப்படி உறைக்கும்? அலுத்துப்போய் அவர் கடையை மூடினால் உங்கள் பதிவுகளும் அம்பேல்.

அதற்காகப் பெரிய முதலாளியே தேவலை என்கிறீர்களா? பேச்சு சுதந்திரம் என்று முழங்கி 2022 அக்டோபரில் ட்விட்டரை வாங்கினார் ஈலான் மஸ்க். டிசம்பரில் மாஸ்டொடானின் ட்விட்டர் கணக்கே முடக்கப்பட்டது. போட்டிக்காரன் விலாசத்தைக்கூடச் சொல்லக்கூடாதாம்!

எனவே யாராவது 'இங்கே தணிக்கையே கிடையாது' என்று உங்களைக் கூப்பிட்டால் உடனே நம்பாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். கத்தரி யார் கையில்? தப்பாக வெட்டினால் யாரிடம் முறையிடுவது? கிளம்பும்போது என் சாமான்களை எடுத்துக்கொண்டு போக விடுவீர்களா?

மூன்றாவது கேள்விக்குத் தலையைச் சொறிந்தால், வீடு எத்தனை அழகாக இருந்தாலும் குடியேறாதீர்கள்.