மேப்பிள் நிழலில் ட்ரில்லியம்

ரொறன்ரோவில் வாழும் தமிழருக்கு இந்தப் பூவின் கோட்டுருவம் பழக்கமானதுதான். ஒன்ராறியோ அரசிடமிருந்து வரும் கடிதங்களில் இலச்சினையாக நிற்கும். வெள்ளை ட்ரில்லியம் 1937 முதல் மாகாண மலர். ஆனால் அந்த இலச்சினை இதன் அழகில் பாதியைக்கூடச் சொல்லாது. ஒற்றைத் தண்டு, உச்சியில் மூன்று இலை, அதற்குமேல் சிறு காம்பில் மூன்று பச்சைப் புல்லி, மூன்று வெள்ளை இதழ். இதழின் ஓரம் லேசாக நெளியும். நரம்புகள் வரிவரியாய்ப் பதிந்திருக்கும். நடுவே ஆறு மஞ்சள் மகரந்தத் தாள்கள். நாளாக ஆக வெள்ளையில் இளஞ்சிவப்பு ஏறும். அதை வாடுவது என்று சொல்ல எனக்கு மனம் வராது. என் கண்ணுக்கு அந்த நாட்களில்தான் பூ முழு அழகு கொள்கிறது.

இதழில் பச்சைக் கோடு கண்டால் அபூர்வ வகையென்று ஆசைப்பட்டுவிடக் கூடாது. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் கொண்டுவரும் நோய் அது.

மேப்பிள் சருகையெல்லாம் வாரி மூட்டை கட்டி வாசலில் வைக்கும் வீட்டில் இந்தச் செடிக்கு வாழ்வில்லை. சருகு விழுந்த இடத்திலேயே மட்க வேண்டும். மண் கறுத்து, பொலபொலவென்று, ஈரம் காத்து, ஆனால் நீர் தேங்காமல் இருக்க வேண்டும். மரங்களின் இலை அடர்ந்து மூடுமுன் கிடைக்கும் சில வார வசந்த வெயிலை வாங்கிக்கொண்டு, பிறகு கோடை நிழலில் இருந்துகொள்ளும்.

விதையின் கதைதான் எனக்கு அலுக்காதது. கோடையில் கனி பழுக்கும். விதையோடு ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் அதைப் புற்றுக்கு இழுத்துப் போகும். துணுக்கைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையோடு போடும். குப்பையில் கிடந்து முளைக்கும் அந்த விதை முதல் குளிர்காலம் கழிந்ததும் மண்ணுக்குள் வேரை மட்டும் விடும். இரண்டாவது குளிர்காலமும் போன பிறகுதான் ஓர் இலை மேலே தெரியும். அடுத்த சில வருடங்கள் ஒற்றை இலை, பிறகு மூன்று இலை. முதல் பூவுக்கு ஏழு வருடமாவது ஆகும். அதற்கு மேலும் இழுக்கும். விதைப்பவர் விதையைக் காயவிடாமல் உடனே மண்ணில் இட வேண்டும்.

பூவை இலைகளோடு பறித்தால் கிழங்கு அந்த வருட உணவை இழக்கும். மறுபடி தேறப் பல வருடம் பிடிக்கும், சில செடிகள் தேறுவதேயில்லை. காட்டில் தோண்டிய செடியை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்குவதும் அதே கொடுமைதான். பண்ணையில் விதை போட்டு வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும். யாரோ அத்தனை வருடம் காத்திருந்து வளர்த்த செடியல்லவா.