தந்தை நடந்த வழி

எமிலியோ எஸ்டெவெஸ் எழுதி இயக்கிய ‘தி வே’ (வழி, 2010) என்னும் திரைப்படம் புத்திர சோகத்தைப் பொருளாகக் கொண்டது. ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ நகரில் இயேசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை உளதென நம்பிக் கிறித்தவர் இடைக்காலம் முதல் நடந்துவரும் பாதையே கதைக்களம். பிரெஞ்சு எல்லையினின்று அது ஏறத்தாழ 800 கிலோமீட்டர். பயணத் தொடக்கத்திலேயே பிரனீஸ் மலையில் மகன் மாண்டுவிடுகிறான். உடலைப் பெற வந்த தந்தை, ஒரு கண் மருத்துவர், மகனின் சாம்பலைச் சுமந்து அவன் விட்ட நடையைத் தொடர்கிறார். தந்தையாக நடித்திருப்பவர் இயக்குநரைப் பெற்ற மார்ட்டின் ஷீன். மகனாகத் தோன்றுபவர் இயக்குநரே.

வழித்துணைவர் மூவரின் வேடிக்கைப் பேச்சு சில இடங்களில் துயரை மறைத்துவிடுவது குறையே. ஆயினும், தந்தை வழியெங்கும் சிறிது சாம்பலை வைத்துச் செல்லும் காட்சிகள் சொல்லினும் ஆழமானவை. முடிவில், யாத்திரையை நிறைவேற்றியோர்க்குரிய சான்றிதழில் மகன் பெயரையே எழுதுவிக்கிறார். படத்தின் உயிர்நிலை இதுவே. பிறர்க்காக நடத்தல் கிறித்தவ யாத்திரையின் பழைய மரபு. பக்தி தளர்ந்த ஒருவர் தாமறியாமலே அம்மரபுக்குள் வந்து சேர்கிறார். படம் அவருக்கு எளிய ஆறுதல் கூறவில்லை. செய்து முடிக்க ஒரு கடமையைத் தருகிறது. துயருற்றார்க்கு அதுவே பெரிதன்றோ?