அயற்பெயரும் தமிழ்க் காப்பியமும்: ஒலிவழியும் பொருள்வழியும்

முன்னுரை

சமயமும் கதையும் நிலம் கடந்து செல்லும்போது பெயர்களும் உடன்செல்கின்றன. அப்பெயர்களைத் தமிழ்க் கவிஞர் ஏற்ற முறைகள் இரண்டு. ஒலியைத் தமிழ் மரபுக்கேற்பத் திரித்து ஏற்றல் ஒன்று. பொருளைப் பெயர்த்து ஏற்றல் மற்றொன்று. இவற்றுள் பின்னதே முழுமையான தமிழாக்கம் என்னும் கருத்து திறனாய்வில் வேரூன்றியுள்ளது. அதன்வழித் தேம்பாவணி போற்றப்படுகிறது; சீறாப்புராணம் அரபுப் பெயர்கள் மிக்கது எனச் சற்றே விலக்கி வைக்கப்படுகிறது. இம்மதிப்பீடு பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒலிவழி

வடசொற்கள் வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வருதலைத் தொல்காப்பிய எச்சவியல் ஏற்கிறது. இலட்சுமணனை இலக்குவன் எனவும் விபீஷணனை வீடணன் எனவும் கம்பர் வழங்கியது இந்நெறியைச் சார்ந்தது. இப்பெயர்களை இன்று எவரும் அயன்மை உடையன எனக் கருதுவதில்லை.

17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த உமறுப்புலவர் பின்பற்றியதும் இந்நெறியே. கதீசா, உதுமான் ஆகிய பெயர்களில் அரபு ஒலிகள் தமிழ் எழுத்துகளுக்குள் அடங்கிவிடுகின்றன. புலவரின் பெயரும் அவ்வாறு அமைந்ததே. செய்கு அப்துல் காதிர் என்னும் வள்ளலின் பெயர் மக்கள் வழக்கில் சீதக்காதி ஆயிற்று. எனவே, ஒலிவழி ஏற்பு காப்பியத்தில் மட்டுமன்றி வாழ்விலும் நிகழ்ந்த தமிழாக்கமாகும். கம்பரிடம் மரபு எனப்படுவது உமறுவிடம் மட்டும் அயன்மை எனப்படுதல் ஒருதலையான அளவுகோலாகும்.

பொருள்வழி

வீரமாமுனிவர் (1680-1747) பொருள்வழியைத் தேர்ந்தார். கான்ஸ்டான்டைன் என்னும் தம் பெயரின் உறுதிப்பொருளையொட்டி முதலில் தைரியநாதர் எனப் பெயர் கொண்டார். 'இறைவன் மேலும் தருக' என்னும் பொருளுடைய யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரைத் தேம்பாவணியில் வளன் ஆக்கினார். 'இறைவன் அருளினார்' எனப் பொருள்படும் யோவானைக் கருணையன் ஆக்கினார்.

இதன் பயன் கவிதையில் புலனாகிறது. தாயை இழந்து தனித்து நிற்கும் கருணையனின் புலம்பலில் அவன் பெயரே பொருள் செறிந்ததாகிறது. கருணையின் பெயரைத் தாங்கியவன் தாயின் கருணையை இழந்து நிற்க, மரமும் பறவையும் அவனுக்கு இரங்குகின்றன. யோவான் என்னும் ஒலிவடிவம் இம்முரணைத் தந்திராது. ஆயின் இவ்வெற்றி அக்கவிதைச் சூழலுக்கு உரியது. ஒலிவழியைத் தாழ்த்துவதற்குச் சான்றாகாது.

வழக்கில் பெயர்கள்

மக்கள் வழக்கு இதனை மேலும் தெளிவாக்குகிறது. யோசேப்பு கத்தோலிக்க மக்களின் நாவில் சூசையாகவே நிலைத்தார். வளனார் என்னும் வடிவம் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரி போன்ற நிறுவனப் பெயர்களில் சிறக்கிறது. ஒருவருக்கே அமைந்த இவ்விரு பெயர்களும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

'சிறியவர்' எனப் பொருள்படும் பவுல் என்னும் இலத்தீன் பெயர் சின்னப்பர் ஆயிற்று. சின்னப்பன் எனப் பிற சமயத்தாரும் பெயரிடுவதால் அதன் பெயர்ப்புத் தடமே மறைந்துவிட்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ பேதுரு, பவுல், யோவான் என ஒலிவழி வடிவங்களை ஏற்றது. திருச்சபைகள் இணைந்து வாசிக்கும் நூலுக்குப் பொதுவான ஒலி வேண்டியிருந்தது. சின்னப்பரும் அருளப்பரும் மக்கட்பெயர்களில் வாழ்கின்றனர்.

முடிவுரை

பெயரின் பிறப்பிடம் கொண்டு காப்பியத்தின் தமிழ்மையை அளத்தல் பொருந்தாது. பெயர் கவிதையில் என்ன செய்கிறது, மக்கள் நாவில் எவ்வாறு தங்குகிறது என்னும் இரண்டுமே உரிய அளவுகோல்கள். அவற்றால் நோக்கின் உதுமானும் வளனும் இலக்குவனும் ஒரே மரபின் வெவ்வேறு கிளைகளாவர். சீறாப்புராணத்தைப் பெயர்களின் பொருட்டு விலக்குவோர் தமிழின் ஏற்கும் ஆற்றலையே விலக்குகின்றனர்.