வீட்டுரிமை வழக்கும் மாணவ வக்கீல்களும்

மார்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், அதுவரை அமெரிக்கக் காங்கிரஸில் இழுபறியாகக் கிடந்த, நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் நியாய வீட்டுரிமைச் சட்டம் ஜனாதிபதி ஜான்சனின் கையொப்பம் பெற்றது. ஆயினும் அந்தச் சட்டம் எவருக்கு அத்தியாவசியமோ, அவர்களே அதனைக் கையிலேந்தி நியாயஸ்தலத்தின் படியேறத் திராணியற்றவர்களாக இருந்தனர். குற்ற வழக்கில் ஏழைக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் உண்டு. வீட்டு வழக்கில் அந்தப் பாத்தியதை பொதுவாக இல்லை. இக்குறையை ஓரளவு தீர்க்க எழுந்தவையே சட்டக் கல்லூரிகளை ஒட்டி நடைபெறும் வீட்டுரிமைச் சட்ட உதவி நிலையங்கள். சிகாகோவில் ஜான் மார்ஷல் சட்டக் கல்லூரி தோற்றுவித்த நிலையம் இவற்றுள் பிரசித்தமானது. இல்லினாய் உச்ச நீதிமன்றத்தின் 711-ஆம் விதியோ, படிப்பில் போதிய பகுதியை முடித்த மாணாக்கர் அநுபவசாலியான வக்கீலின் மேற்பார்வையில் நீதிபதியின் முன் நின்று பேசவும் இடமளிக்கிறது.

இப்பயிற்சியின் தலையாய பிரயோஜனம் சாட்சியத்தைப் பற்றிய ஞானம் என்பது என் அபிப்பிராயம். பாடப் புத்தகத்தில் வரும் வழக்குகளில், மேல் நீதிமன்றங்கள் அலசிக் காயவைத்த சங்கதிகளே மாணாக்கன் கைக்கு வருகின்றன. இங்கோ, அழுகையும் கோபமும் மறதியும் கலந்த வாய்ச்சொல்லிலிருந்து, எந்தத் தேதி, எவர் கதவைத் திறந்தார், எவ்வளவு வாடகை சொன்னார் என்று அவனே பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. இக்காலத்து வீட்டுக்காரர் நிறத்தைச் சொல்லி மறுப்பதில்லை. வீடு நேற்றே போய்விட்டதென்று புன்னகையோடு சொல்லுகிறார். வருமானம் முதலிய யாவும் ஒத்து, நிறத்தில் மட்டும் வேறுபட்ட இருவரை அடுத்தடுத்து அனுப்பிப் பார்த்தாலன்றி அந்தப் பொய் வெளிப்படாது. அவ்வாறு அனுப்பப்படும் சோதனையாளரும், பொய்த் தகவல் பெற்றவரென்ற முறையில், வழக்குத் தொடரலாம் என்று 1982-இல் ஹேவன்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய சோதனையின் குறிப்பேட்டை ஒருமுறை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த மாணாக்கன், பின்னர் எந்தத் துறையில் தொழில் நடத்தினாலும் சில்லறை விவரங்களை அலட்சியம் செய்யமாட்டான்.

குறைகளில் பெரியது காலம். அங்கஹீனர்களுக்குப் பாதுகாப்பளித்த நியாய வீட்டுரிமைச் சட்டத்தின் 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வாசலருகே வண்டி நிறுத்த இடமோ, பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயை வைத்துக்கொள்ள அநுமதியோ கேட்டு எழுதும் கடிதம் ஒரு பருவத்துக்குள் பலன் தரக்கூடும். வழக்கென்று போய்விட்டாலோ கதை வேறு. சிகாகோ வீட்டு வசதி அதிகார சபை சம்பந்தமாக 1966-இல் தொடுக்கப்பட்ட கோட்ரோ வழக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றது 1976-இல். மாணாக்கன் தங்குவதோ சில மாதங்கள். கட்சிக்காரியான ஒரு தாய், தனக்கு நேர்ந்த அவமானத்தை முதல் மாணாக்கனிடம் கண்ணீரோடும் மூன்றாமவனிடம் ஒப்பித்த பாடமாகவும் சொல்ல நேர்கிறது. எதிர்க்கட்சி வக்கீல் அந்தப் பாடத்தையே கற்பிக்கப்பட்ட சாட்சியமென்று தாக்குவதற்கும் வழி பிறக்கிறது.

மாணாக்கரைக் கூலியின்றி வேலை வாங்குகிறார்கள் என்பது வழக்கமான குற்றச்சாட்டு. அவர்கள் எழுதிய மனுவைத் திருத்தும் நேரத்தில் மேற்பார்வை வக்கீல் தாமே இரண்டு மனு எழுதிவிடலாமாகையால், நிலையத்துக்கு இதில் லாபம் அதிகமென்று நான் கருதவில்லை. மெய்யான தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. வெளி அலுவலகப் பயிற்சிக்குப் பாடப் புள்ளியும் ஊதியமும் சேர்த்துத் தரலாகாதென்ற அமெரிக்க வக்கீல் சங்கத்தின் தடை 2016-இல் நீங்கியபின்னும், ஊதியமற்ற இடங்களே பொதுநலச் சட்டத் துறையில் மலிந்துள்ளன. ஆகையால் சம்பாதித்தே படிக்கவேண்டிய மாணாக்கன், அதாவது வீடு மறுக்கப்படுவது இன்னதென்று தன் குடும்பத்திலேயே கண்டிருக்கக்கூடியவன், வாசலிலேயே நின்றுவிடுகிறான்.

இப்பயிற்சியைக் கைவிடுவது அறிவீனம். ஆனால் இரண்டு பருவத்துக்குக் குறைந்து எவரையும் ஏற்பதில்லை, முதற் சந்திப்பிலேயே நிரந்தர வக்கீல் ஒருவர் உடனிருந்து வழக்கு முடியுமட்டும் அதற்குப் பொறுப்பேற்பார், வறிய மாணாக்கருக்கு உபகாரச் சம்பளம் உண்டு என்னும் மூன்று நிபந்தனைகளை ஏற்காத கல்லூரி, வழக்காடும் வேலையை விட்டுவிட்டுக் கடிதம் எழுதும் வேலையோடு நிற்பதே உத்தமம்.